அறுநூற்று எண்பது கிராம்

அறுநூற்று எண்பது கிராம். பார்சல் அலுவலகத்தின் மூன்றாவது கவுன்ட்டரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எடை போட்டுவரும் பெண்மணி, பதினான்கு மாதமாகத் தேடியது இந்த எடையுள்ள ஓர் இரும்புத் துண்டை. மெக்கானிக்குகள் அதை டை ராடு எண்ட் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்ப வேண்டும். அந்த உத்தரவைக் கொண்டுபோகும் கம்பியின் முனையில் இருக்கும் குமிழ் மூட்டு அது. உள்ளங்கையில் அடங்கிவிடும்.

உதிரிபாகக் கடைத் தெருவில் அவருக்குப் பெயர் 'தராசு அக்கா'. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருவார். தோளில் தொங்கும் துணிப்பையில் ஒரு சின்ன மின்தராசு, ஒரு துண்டில் சுற்றிய உடைந்த எண்ட், இரண்டு பிஸ்கட். அவர் தெருமுனையில் திரும்பியதுமே ஒரு கடைக்காரர் எதிர்க்கடைக்குக் குரல் கொடுப்பார். "தராசு வருது. கல்லு மண்ணு கலந்திருந்தா இப்பவே எடுத்துடு." இரண்டு கடையும் சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே படியேறி, பெட்டியைத் திறக்கச் சொல்வார்.

தேடியது தன் வீட்டு பிக்கப் வண்டிக்கு. இருபத்தாறு வயதான வண்டி. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தியே பதினைந்து ஆண்டாகிறது. பத்தொன்பது ஆண்டு அதை ஓட்டியவர் அவருடைய கணவர். வீடு மாறுகிறவர்களின் சாமான் ஏற்றுவதுதான் தொழில்: கட்டில், பீரோ, குளிர்பதனப் பெட்டி, சில சமயம் மீன்தொட்டி. மீன்தொட்டி ஏற்றிய நாளில் வண்டிக்குப் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்களாம். அவ்வளவு மெதுவாக ஓட்டுவார்.

அந்த வண்டியின் முன்பக்க வேலை முழுவதையும் பார்த்துவந்தவர் ஒரே மெக்கானிக். கணவரோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். கணவரை 'மாப்ளே' என்றும் இவரை 'தங்கச்சி' என்றும் கூப்பிடுவார். ஊரில் இந்த மாடல் இன்னும் பதினொன்று ஓடுகிறது என்பது அவர் கணக்கு. எந்த வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது, எதற்கு என்ன நோய் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. புதுச் சாமான் பெட்டியிலிருந்து வெளியே வந்த அடுத்த நொடி பெட்டியை நாலாகக் கிழித்து எண்ணெய் வாளியில் போட்டுவிடுவார். அந்தத் தொழிலில் விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். "பெட்டி முழுசா வெளிய போச்சுன்னா, உள்ள வேற எவனாவது உக்காந்து திரும்பி வருவான்" என்பார்.

பார்சல் கவுன்ட்டரில் இருப்பவருக்கு இது பொறுக்குமா? நல்ல அட்டைப்பெட்டியைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். ஒட்டுநாடாவை பிளேடால் கீறி, மூலை மடங்காமல் பிரித்து, தட்டையாக்கி அடுக்குவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. கணவரும் மெக்கானிக்கைப் பார்த்துப் பெட்டியைக் கிழிக்கப் போனபோது, கல்யாணமான புதிதிலேயே தடுத்துவிட்டார். அதிலிருந்து கணவர் பெட்டிகளைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூடியின் உட்புறம் பேனாவால் இரண்டு வரி எழுதுவார்: எத்தனை கிலோமீட்டரில் மாட்டியது, எந்தப் பக்கம். பிறகு பெட்டி பரணுக்குப் போகும். அவருக்குத் தெரிந்த ஒரே பதிவேடு அதுதான்.

பரண் நிரம்பியது. மூன்று ஆண்டுக்கு முன்பு ஒரு விடுமுறை நாளில் அதை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகளைத் தராசு அக்கா பழைய பேப்பர்காரரிடம் போட்டார். அந்த மனிதர் செய்தித்தாள்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெட்டிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். யாருமே இவ்வளவு சுத்தமாக வைத்திருக்க மாட்டார்கள் என்று பாராட்டவும் செய்தார். அன்று முழுக்க அவருக்கு அந்தப் பாராட்டில் மனம் குளிர்ந்திருந்தது.

அதற்கு ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாய்க்கால் ஓர வளைவில் வண்டி நேராகப் போனது. ஸ்டியரிங் திரும்பியது, இடது சக்கரம் திரும்பவில்லை. பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி மேசையும் இரண்டு மெத்தைகளும் இருந்தன. மெத்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். இடதுபக்க எண்ட் குமிழுக்குக் கீழே, பேனாவின் கழுத்து ஒடிந்த மாதிரி ஒடிந்து கிடந்தது. மாட்டி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. மெக்கானிக் ஊரில் இல்லாத ஒரு நாளில், அவசரத்துக்குத் தெருக்கடை ஒன்றில் வாங்கிக் கணவர் தானே மாட்டியிருந்தார்.

மூன்று வாரம் கழித்து, வண்டிக்குள் இருந்த பொருள்களைக் காவல் நிலையத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு துண்டு, ஒரு குடை, மூக்குக்கண்ணாடி, அந்த எண்ட் வந்த பெட்டி. பெட்டி அசல். கம்பெனி முத்திரை அசல். மூடியின் உட்புறம் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அதன் ஓரம் சுருண்டிருந்தது. பழைய லேபிள் சுருண்டிருந்தால் உரிப்பது தராசு அக்காவின் கைப்பழக்கம். உரித்தார். அடியில் கணவரின் கையெழுத்து இருந்தது.

'2,14,600. இடது.'

ஒன்பது ஆண்டுக்கு முன்பு எழுதியது. இரண்டு வரியில் 'இடது' என்பதன் கீழே அவர் வழக்கமாகப் போடும் கோடும் இருந்தது. பரணிலிருந்து போன பெட்டி ஒரு போலியைச் சுமந்துகொண்டு திரும்பியிருந்தது. பதினொரு வண்டிதான் ஓடும் ஊரில் அது வேறு எங்கே போகும்?

இதை அவர் அப்போது சொன்னது மெக்கானிக்கிடம் மட்டும். பட்டறையில், காரின் அடியில் படுத்திருந்தவரை வெளியே வரச் சொல்லிப் பெட்டியை நீட்டினார்.

"அண்ணே, இது எங்க வீட்டுப் பெட்டி."

மெக்கானிக் படித்தார். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "கிழிச்சிருக்கணும் தங்கச்சி, அவன்."

"கிழிக்கத்தான் போனார். நான்தான் விடல."

மெக்கானிக் பெட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வண்டியைத் தன் பட்டறைக்கு இழுத்துவந்து, நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தினார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. இடதுபக்க எண்ட் ஒன்றுதான் பாக்கி.

தராசு அக்காவோ வண்டியை விற்கத் தீர்மானித்திருந்தார். வாங்க ஒரு தச்சர் தயாராக இருந்தார். மர அலமாரிகள் செய்பவர், ஆர்வமான ஆள். ஏதாவது ஒரு எண்ட்டை மாட்டிக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மூன்று முறை வந்து கேட்டார்.

"அக்கா, நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"அவரும் மெதுவாத்தான் ஓட்டினார் தம்பி."

கணவரின் தம்பிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அண்ணி துக்கத்தில் ஏதோ பிடிவாதம் பிடிக்கிறார் என்று உறவுக்காரர்களிடம் சொன்னார். பெட்டி விஷயம் அவருக்குத் தெரியாது. ஒருநாள் நேரிலேயே கேட்டார்: "விக்கப்போற வண்டிக்கு ஏன் அண்ணி இவ்வளவு மெனக்கெடணும்? எடைக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க."

"உங்க அண்ணன் கட்டில் ஏத்தாத தெரு இந்த ஊர்ல இருக்கா? அவர்தான் இல்ல. வண்டியாவது போய்ட்டு வரட்டும்" என்றார் அவர்.

அப்படித் தொடங்கிய தேடல். கணவர் முதலில் மாட்டிய அசல் எண்ட் ஒன்று, தேய்ந்துபோய்க் கழற்றியது, மெக்கானிக்கிடம் காகித எடைக்கல்லாகக் கிடந்தது. அதை நிறுத்துப் பார்த்தபோது கிடைத்ததுதான் அறுநூற்று எண்பது. கணவரைக் கொன்றது ஐந்நூற்று நாற்பது. பெட்டி என்ன சொன்னாலும் எடை தன் பாட்டைத்தான் பாடும் என்பது அவர் கவுன்ட்டரில் கற்றது. முப்பத்தொரு கடை ஏறினார். ஐந்நூற்றைம்பது, அறுநூற்றுப் பத்து, மறுபடி ஐந்நூற்று நாற்பது. ஒன்று சரியாக அறுநூற்று எண்பது காட்டியது. ஆனால் அதன் குமிழ் வாளிக்குள் போட்ட குவளை மாதிரி ஆடியது. அதற்குப் பிறகு எடையோடு குமிழின் விறைப்பையும் வார்ப்பு எண்ணையும் பார்க்கக் கற்றுக்கொண்டார். கணவருக்கு அந்தப் போலியை விற்ற கடைக்கும் போனார். கடைக்காரர் சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றார். பெட்டி மூடியில் கணவரின் எழுத்தைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டார். தனக்கும் அது அப்படியேதான் வந்தது, மூடிய பெட்டியைத் திறந்து பார்க்கிற வழக்கம் இல்லை என்றார். பொய் சொல்வதாக அவருக்குத் தோன்றவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பதினான்காவது மாதம் தகுதிச் சான்று முடிகிற கெடு வந்தது. மாதக் கடைசிக்குள் வண்டி சோதனைத் தளத்தில் ஓடிக் காட்டாவிட்டால் பதிவு ரத்தாகும். பிறகு உடைக்கத்தான் முடியும். மெக்கானிக் கடைசியாக ஒரு பெயரைச் சொன்னார்: பதினொன்றில் ஒன்றை வைத்திருக்கும் ஐஸ் கம்பெனிக்காரர். எதையும் தூக்கி எறியாதவர். தன் வண்டியைக் 'கிழவி' என்பார்.

சனிக்கிழமை இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் முதலில் பிடிகொடுக்கவில்லை. சம்பந்தியே கேட்டும் கொடுக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். தராசு அக்கா பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துக் காட்டி, நடந்ததைச் சொன்னார். பெரியவர் எழுந்து உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய இரண்டு இடதுபக்க எண்ட்களைக் கொண்டுவந்தார். ஐஸ் உடைக்கும் மேசை மேல் தராசு வைக்கப்பட்டது.

முதலாவது ஐந்நூற்று நாற்பத்தைந்து. பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது. இரண்டாவது, கம்பெனி மாடலை நிறுத்தியபோது வாங்கி வைத்தது: அறுநூற்று எண்பது. குமிழ் கட்டைவிரலுக்கு அசைந்து கொடுக்கவில்லை. வார்ப்பு எண் சரி. ரப்பர் மட்டும் வெடித்திருந்தது, அது மாற்றக்கூடியதுதான்.

நல்லதை அவர் கையிலேயே வைத்தார் பெரியவர். "எடுத்துக்கம்மா. கிழவி இன்னும் எத்தனை நாளைக்கு."

எண்ட் பைக்குள் போனது. மெக்கானிக் ஸ்கூட்டரை உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டார். வாசலில் அந்தக் 'கிழவி' வண்டி நின்றிருந்தது. மகன்தான் ஓட்டுகிறான் என்று பெரியவர் சொல்லியிருந்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இரண்டு சின்னத் தண்ணீர் பாட்டில்கள், ஒன்றில் யானைப் படம். ஐஸ் ஏற்றப் போகிற வழியில் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுவது போலும். தராசு அக்கா அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். மெக்கானிக் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அக்கா திரும்பி உள்ளே போனார்.

"ஐயா, அந்த எடை குறைஞ்சது, அதைத் தனியா வாங்கினீங்களா, ஜோடியா வாங்கினீங்களா?"

"ஜோடியாத்தான், ரெண்டும் இடதுபக்கத்துக்கே. ஒண்ணு மாட்டியிருக்கு."

மெக்கானிக் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து வண்டிக்கு அடியில் படுத்தார். கழற்ற அரைமணி நேரம் ஆயிற்று. ஐந்நூற்று நாற்பது. குமிழுக்குக் கீழே மயிரிழை மாதிரி ஒரு கீறல் ஏற்கெனவே ஓடியிருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார்.

தராசு அக்கா பையிலிருந்து அறுநூற்று எண்பதை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார். மெக்கானிக் வாங்கவில்லை.

"தங்கச்சி, மாசக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. இன்னொண்ணு கிடைக்காது."

"தெரியும்ணே. என் வண்டி நின்னுட்டிருக்கு. இவங்க வண்டி ஓடிட்டிருக்கு."

மாட்டி முடித்ததும், அந்தப் போலிகள் வந்த இரண்டு பெட்டிகளையும் கேட்டு வாங்கினார். மடிப்புக் கலையாத, மூலை நசுங்காத நல்ல பெட்டிகள். ஐஸ் மேசை மேல் வைத்து நாலாகக் கிழித்தார். பிறகு எட்டாக. பைக்குள் இருந்த மூன்றாவது பெட்டியையும் வெளியே எடுத்தார். மூடியை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கிழித்தார்.

ஒன்பது நாளில் வேறு எண்ட் கிடைக்கவில்லை. தச்சர் வேறு வண்டி வாங்கிவிட்டார். கோபமில்லை என்று சொல்லிவிட்டும் போனார். மெக்கானிக் வண்டியிலிருந்து வலதுபக்க எண்ட்டையும் ஸ்டியரிங் கியர்பாக்ஸையும் கழற்றித் தனியே வைத்திருக்கிறார். இரண்டும் அசல். மீதிப் பத்து வண்டிகளில் யாருக்கு முதலில் தேவைப்படுகிறதோ அவர்களுக்கு.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியை உடைக்க எடுத்துப்போக லாரி வருகிறது. அவர் விடுப்பு கேட்கவில்லை. மூன்றாவது கவுன்ட்டர் ஒன்பது மணிக்குத் திறக்கும்.