வேட்டிக்குப் பின்னால் இருந்து ஒரு கேள்வி

முதலில் என் கண்ணில் பட்டது, படத்தில் இருந்த பெண்ணின் கால் விரலில் சுற்றியிருந்த கறை படிந்த துணிதான். அந்த விரல் நுனியில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

இன்று சாயங்காலம் திருக்கோகர்ணத்து மைதானத்தில், கியூபா நாட்டுப் பாலே நடனத்தைப் பற்றிய கூட்டம். வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, அதில் படம் காட்டினார்கள். ஆண்கள் முன்புறம். பெண்களுக்கு வேட்டிக்குப் பின்புறம் பாய். படம் துணி வழியே எங்களுக்கும் தெரிந்தது; பேசியவரின் முகம் தெரியவில்லை, குரல் மட்டுமே வந்தது.

"இவள் கரும்பு வெட்டுபவரின் மகள். தலைநகரில் தங்கி நடனம் படிக்கிறாள்" என்றார்.

காற்றில் வேட்டி உப்பும்போதெல்லாம் அவள் மூச்சு விடுவதுபோல் இருந்தது.

"பாவாடைக்குத் துணி பத்தல போலடி" என்றார் சின்னம்மா. பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். நான் பெரியவளானதும் எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள்.

"யாராவது கேள்வி கேட்கலாம்" என்றார் பேசியவர்.

"அவ பெரியவளான பெறகும் வீட்டுல எப்படிங்க விட்டாங்க?"

என் குரல்தான். யாருக்கும் என் முகம் தெரியாது என்ற தைரியம்.

 வேட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர், "ஆத்தாடி, படத்துல இருக்க புள்ளையில்ல பேசுது!" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. 

"அதை நான் விசாரிக்கவில்லையே அம்மா" என்றார் பேசியவர்.

வீடு திரும்பும்போது முன்னால் நடந்த அப்பா நின்றார். "கேள்வி கேட்டது யாரு வீட்டுப் புள்ள?"

"இருட்டுல யாருக்கு மச்சான் தெரியும்?" என்றார் சின்னம்மா.

"நான்தாப்பா கேட்டேன்" என்றேன், அவர் முகத்தைப் பார்த்து.