கடைசிப் பத்து நிமிடம் மட்டும் பார்த்தவர்

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் அவரை எல்லோரும் எக்ஸிட் என்றுதான் கூப்பிடுவோம். நான் மட்டும் மரியாதைக்கு ஒரு அண்ணனைச் சேர்த்துக்கொள்வேன். நோயாளிக்கு வைக்கிற பெயரா இது என்று புதிதாக வரும் டாக்டர்கள் முகம் சுளிப்பார்கள். பெயரை வைத்துக்கொண்டவரே அவர்தான். வந்த முதல் நாள் எடை மிஷினில் ஏறி நின்றுகொண்டு, "இருபத்தாறு வருஷம் எக்ஸிட்ல நின்னவன்மா நான்" என்று பெரிய பதவியில் இருந்தவர் மாதிரி சொன்னார்.

ஒரு சினிமா தியேட்டரில் வெளியே போகும் கதவுக்கு அவர் காவல். படம் ஓடும்போது கதவுக்கு வெளிப்பக்கம், நடையில் நிற்க வேண்டும். முடிய பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போய்த் தாழ்ப்பாளை நீக்கி, கனத்த திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, விளக்குப் போடும் வரை நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு காட்சி. அப்படியாக, அந்தத் தியேட்டரில் ஓடிய அத்தனை படத்துக்கும் முடிவு அவருக்கு மனப்பாடம். யார் சாகிறார்கள், யார் சேர்கிறார்கள், யார் மழையில் நின்று அழுகிறார்கள், எல்லாம் தெரியும். ஏன் சாகிறார்கள், ஏன் அழுகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. லீவு நாளில் முழுப் படத்தையும் பார்த்திருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். "லீவு நாள்ல நீ இங்க வந்து ஊசி குத்திட்டு இருப்பியா?" என்றார்.

நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது. நிற்கிற வேலை, வீங்காமல் என்ன செய்யும் என்று இரண்டு வருடம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது சிறுநீரகம் என்று தெரிந்தபோது இரண்டும் போய்விட்டிருந்தன. அதே வருடம் தியேட்டரை இடித்து கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். அதைப் பற்றி அவருக்கு ஒரு சொட்டு வருத்தம் கிடையாது. கால் வலிதான் நினைவிருந்தது.

வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம். கையில் இரண்டு ஊசி. ஒன்றில் ரத்தம் வெளியே வரும், மிஷின் அதைச் சுத்தம் செய்யும், இன்னொன்றில் உள்ளே போகும். ஊசி குத்துவது, மிஷினைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் அதிகம் குடித்துவிட்டு வருகிறவர்களைத் திட்டுவது மூன்றும் என் வேலை. மூன்றாவதுக்குச் சம்பளம் கிடையாது. மதியம் பன்னிரண்டரைக்கு டிவியில் பழைய படம் போடுவார்கள். எக்ஸிட் அண்ணனுக்கு அங்கேதான் யோகம் அடித்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் படங்களின் ஆரம்பத்தைப் பார்த்தார்.

பார்த்தவர் சும்மா இருந்தாரா? பெயர் போடும்போதே, "இந்த ஆளு கடைசியில ரயில்வே கேட்ல செத்துருவான்" என்று ஆரம்பித்துவிடுவார். பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் கையில் ஊசி இருப்பதையும் மறந்து எழுந்து உட்கார்ந்து கத்துவார். "யோவ், உன் வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் போடுய்யா!" அண்ணன் அசர மாட்டார்.

"முடிவு தெரிஞ்சா படம் கெட்டுப்போயிடும்னு யாரு உங்களுக்குச் சொன்னது? அங்க பாருங்க, அவன் சட்டைக்கு இஸ்திரி போடுறான். உங்களுக்கு அது வெறும் இஸ்திரி. எனக்கு அப்படி இல்ல. இந்தச் சட்டையோடதான் அவனைத் தண்டவாளத்துல இருந்து தூக்குவாங்க. காலரை எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேய்க்கிறான் பாருங்க."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருக்கும். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் அதற்குப் பிறகு அந்த இஸ்திரிப் பெட்டியை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியாது. அதுவும் ஒரு எரிச்சல். இதில் ஒரு வேடிக்கை, மூன்றாவது மணி நேரத்தில் அவருக்கு எப்போதும் பிரஷர் இறங்கிவிடும். காலை உயர்த்தி வைத்து, சலைன் ஏற்றி, தூங்க விடுவேன். ஆக, முதல் பாதி இங்கே, கடைசிப் பத்து நிமிடம் அங்கே. "நடுவுல கொஞ்சம்தான்மா பாக்கி" என்பார்.

அண்ணனுக்கு இன்னொரு பக்கத்துக் கட்டிலில் டைப்பிஸ்ட் அக்கா. கோர்ட்டில் தீர்ப்புகளை டைப் அடிப்பவர், கல்யாணம் ஆகாதவர், நாற்பத்திரண்டு வயது. ஊசி இடது கையில் என்பதால், வலது கை விரல்கள் மட்டும் போர்வையின் மேல் எதையோ அடித்துக்கொண்டே இருக்கும். அண்ணன் வாயைத் திறந்தாலே அந்தக் கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு காதைத் தலையணையில் அழுத்திக்கொள்வார்.

"அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். நாளைக்குப் படிக்கப்போற தீர்ப்பை நான் இன்னைக்கே அடிச்சு முடிச்சிருவேன். வெளிய வந்தா தண்டனை ஆகப்போற ஆளோட அம்மா பெஞ்சில உக்காந்திருப்பாங்க. எத்தனை மணிக்குமா கூப்பிடுவாங்கன்னு என்கிட்டயே கேப்பாங்க. நான் வாயைத் திறக்கக் கூடாது. இங்க இருக்கிற நாலு மணி நேரமாவது ஒண்ணும் தெரியாம இருந்துக்கறேனே."

அதற்குப் பிறகு அண்ணன் அவருக்குக் கேட்காதபடி டிரைவரிடம் மட்டும் குசுகுசுத்தார். டிரைவருக்கு அது இன்னும் கொடுமை.

அக்காவுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு இவர் படிக்க வைத்து ஆளாக்கிய பிள்ளை. அவன் தன் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்று வந்தான். ரத்தம் சேர்ந்தது, மற்ற பரிசோதனைகளும் சேர்ந்தன. இத்தனை வருடத்தில் இந்த அறையில் அப்படிப் பொருந்தி வந்ததை நான் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். டாக்டர்கள் குழு முன்னால் அவன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் மிச்சம். அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை குறித்தார்கள்.

அந்த மூன்று வாரமும் அவன் அக்காவோடு வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தான். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆப்பரேஷன் முடிந்து ஒரு பாட்டில் தண்ணீரை வாயை எடுக்காமல் குடிக்கப்போவதாகச் சொன்னார். ஒரு நாளைக்கு மொத்தமே மூன்று டம்ளர் என்று அளந்து குடிப்பவருக்கு அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இருக்க முடியாது.

இரண்டாவது வாரம், அண்ணனின் காலை உயர்த்தி வைக்கும்போது அவர் என் கையைப் பிடித்தார். "அந்தத் தம்பி கிளம்பிட்டான்மா."

நான் திரும்பிப் பார்த்தேன். தம்பி அங்கேதான் உட்கார்ந்திருந்தான். "எங்க கிளம்பிட்டான்? கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"படம் முடியறதுக்கு முன்னாடி எழுந்து போறவனை நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். முதல்ல கால்தான் எழுந்திரிக்கும். இருட்டுல செருப்பைத் துழாவும். அப்புறம் பை மடிக்கு வரும். ஆளு கடைசியாத்தான் எழுந்திரிப்பான். போன வாரம் இந்தப் பையன் செருப்பைக் கழட்டிட்டு, காலை மடிச்சு உக்காந்திருந்தான். இன்னைக்குப் பாரு."

பார்த்தேன். கதவுக்கு அடுத்த நாற்காலி. செருப்பு காலில் இருந்தது. பை மடியில் இருந்தது. வந்த கோபம் எல்லாம் அண்ணன் மேல்தான் வந்தது.

"வாயைக் கழுவுங்க முதல்ல. சினிமாவுக்குச் சொல்ற மாதிரி இதை அக்கா காதுல போட்டீங்க, அடுத்த தடவை ஊசியை நாலு இடத்துல குத்துவேன். அது பாவம், இப்பத்தான் சிரிக்குது. அதைக் கெடுக்காதீங்க."

அவர் "சரிம்மா" என்றார். முடிவைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் அந்த மனுஷன், அக்கா தண்ணீர் பாட்டிலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். டிவிப் படத்தின் முடிவைக்கூட அந்த நாட்களில் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை அக்கா பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். தம்பி வரவில்லை. போன் அணைந்திருந்தது. ஒரு மணிக்கு டாக்டர்கள் எழுந்து போனார்கள். வெள்ளிக்கிழமை தம்பியின் மனைவியிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. அவர் வேலை மாற்றிக்கொண்டு வெளியூர் போய்விட்டார், நாங்களும் போகிறோம், தேட வேண்டாம்.

மறுநாள் சனிக்கிழமை அக்கா வந்து படுத்தார். ஊசி குத்தும்போது கண்ணைக்கூட மூடவில்லை. அறை முழுக்க மிஷின் சத்தம் மட்டும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அன்று அண்ணன் என்னிடம் சொன்னது காதில் விழுந்திருந்த டிரைவர் வாயை விட்டார். "விடும்மா, அந்தப் பய ஓடத்தான் போறான்னு நம்ம எக்ஸிட்டு அன்னைக்கே சொன்னாரு."

அக்கா மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு அக்காவைப் பார்த்து, "தோணுச்சும்மா" என்றார்.

"தெருவுல போறவன் கேக்காமலே ஊர்ப்பட்ட படத்துக்கு முடிவு சொல்லுவீங்களே. இதைச் சொல்றதுக்கு என்ன?"

"உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேணாம்னு..."

"சந்தோஷம்!" அக்காவின் குரல் உடைந்தது. "எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே அவனைக் கூப்பிட்டிருப்பேன். டாக்டர் சரிப்படாதுன்னு சொல்லிட்டார்டா, நீ வீட்டுக்குப் போன்னு ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பியிருப்பேன். கிட்னி போனா போகுது, தம்பி இருந்திருப்பான். இப்ப என் மூஞ்சில முழிக்க முடியாம ஓடிட்டான். இனிமே நான் செத்தாக்கூட வர மாட்டான், அண்ணே. நான் சம்பளத்துக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கேன். நீங்க எதுக்கு மூடிக்கிட்டு இருந்தீங்க?"

அதற்குப் பதில் நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கட்டிலுக்கும் நடுவில், கையில் பஞ்சோடு நின்றுகொண்டிருந்தேன். மிஷின் ஒன்று கத்தியது, நல்ல சாக்கு கிடைத்தது என்று அங்கே ஓடினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

அக்கா நாலு மாதம் அண்ணனோடு பேசவில்லை. அவர் முடிவு சொல்வதை அடியோடு விட்டுவிட்டார். டிரைவரே ஒருநாள், "யோவ், என்னதான் ஆகும் கடைசியில, சொல்லித் தொலையேன்" என்று கெஞ்சினார். ஞாபகம் இல்லை என்றார் அண்ணன். பச்சைப் பொய்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை டிவியில் ஒரு படம். ஆரம்பத்திலேயே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஒரு தம்பி பெட்டியோடு வெளியே போகிறான். அக்கா வாசலில் நிற்கிறாள். எல்லோரும் டிவியை விட்டுவிட்டு மிஷினை, கூரையை, போர்வையைப் பார்த்தோம். சேனலை மாற்றலாம் என்று ரிமோட்டைத் தேடினேன்.

"அண்ணே" என்றார் டைப்பிஸ்ட் அக்கா. "இந்தத் தம்பி கடைசியில திரும்பி வருவானா?"

அந்தப் படத்துக்கு எழுபது நாள் கதவு திறந்தவர் அண்ணன்.

"வர மாட்டான்மா. அந்தப் பொண்ணு வாசல்லயே நிக்கும். விளக்குப் போட்டிருவோம்."

"சரி" என்றார் அக்கா. காதைப் பொத்தவில்லை. கடைசி வரை பார்த்தார். அண்ணன் வழக்கம்போலத் தூங்கிவிட்டார். தம்பி வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து, டயாலிசிஸ் இல்லாமல் இரண்டு நாள் இடைவெளி விழும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எக்ஸிட் அண்ணன் வீட்டில் இறந்துபோனார். காலையில் காபி போட எழுந்த அவர் மனைவி திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்துவிட்டார். எங்கள் பிரிவில் கட்டில் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அன்று அக்காவுக்கு ஊசி குத்தி டேப் ஒட்டும்போது என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, அன்னைக்கு அண்ணனை வாயை மூடச் சொன்னது நான்தான்."

"தெரியும். அவர் உன்னைப் பாத்ததை நான் பாத்தேன்." விரல்கள் போர்வையில் அடிப்பதை நிறுத்தின. "அதனாலதான் உன்கிட்டயே கேக்கறேன். வேற யாரோ ஒருத்தர் செத்து எனக்கு ஒண்ணு கிடைக்கிற அந்த லிஸ்ட்ல என் நம்பர் என்ன? பாக்கலாம், நல்லதே நடக்கும்னு மட்டும் சொல்லாத."

வாய் வரை வந்தது அதுதான். விழுங்கினேன். "நானூத்திப் பன்னெண்டு."

"போன வருஷம் எத்தனை பேருக்குக் கிடைச்சது?"

"பத்தொன்பது பேருக்கு."

அக்கா கூரையைப் பார்த்தபடி கணக்குப் போட்டார். "கிட்டத்தட்ட இருபத்திரெண்டு வருஷம். அதுவரைக்கும் இந்த மிஷின் தாங்குமா?"

"மிஷின் தாங்கும்கா" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா அழவில்லை. என் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

"படம் போட்டுட்டாங்க பாரு" என்றார். "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு."