ஒன்று குறைய அறுபது

தமிழில் பத்து வரை எண்ணத் தெரிந்தவர் நூறு வரை சமாளித்துவிடலாம். இருபத்தொன்று, முப்பத்தொன்று என்று ஒட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். நடுவில் தொண்ணூறு வந்து கொஞ்சம் குழப்பும், அவ்வளவுதான். இந்தியில் அந்தச் சலுகை கிடையாது. நூறு எண்ணுக்கும் நூறு முகம். ஒவ்வொன்றையும் தனித்தனியே வீட்டுக்கு அழைத்து, உட்கார வைத்து, பழகிக்கொள்ள வேண்டும். ஐம்பதை நெருங்கும் காலத்தில் மடிப்பு அண்ணன் இந்தக் காரியத்தில் இறங்கினார். மொழிப் பற்று ஒன்றும் இல்லை. பயம்தான்.

ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. ஈரம் பிழிந்து வரும் விரிப்பைச் சூடான உருளைகளுக்குள் விட்டு, மறுபக்கம் தகடு மாதிரி வெளியே வரும்போது பிடித்து மடிப்பது அவர் வேலை. நாலு முனையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்; பிசிறு தெரியாது. அதனால் அந்தப் பெயர். வீட்டில் தன் சட்டையை நாற்காலிமேல் எறிந்துவிட்டுப் போகிறவர் என்பதை அவர் மனைவியைத் தவிர யாரும் நம்புவதில்லை.

கூடத்தைப் பழைய முதலாளி விற்றுவிட்டுப் போனார். அவர் யாருடைய வயதையும் கேட்டவரில்லை, வேலை நடந்தால் போதும். வாங்கிய கம்பெனி ஒரு மேனேஜரை அனுப்பியது. இந்தி மட்டுமே பேசுவார். மெலிந்த ஆள், குரல் உயர்ந்ததே இல்லை. யாரைப் பார்த்தாலும் முதலில் ஒரு வணக்கம். அந்த வணக்கத்தைக் கண்டாலே கூடத்தில் எல்லாரும் வேலையில் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அறுபது முடிந்தவர்களுக்கு வேலை இல்லை என்பது புதுச் சட்டம். வேலையோடு சேர்ந்தது குடியிருப்பு. பின்கட்டு வரிசையில் ஆளுக்கு இரண்டு அறை. வேலை போனால் அதன் சாவியும் போகும். மேனேஜர் இதை அழகாகச் செய்தார். அறுபதாம் பிறந்தநாளன்று காலையில் ஒரு கேக் வரும். எல்லாரும் கைதட்டுவார்கள். மெழுகுவர்த்தியை அணைத்ததும் மேனேஜர் இரண்டு கையாலும் கைகுலுக்கிவிட்டு, உள்ளங்கையை விரித்து நீட்டியபடி நிற்பார், சாவிக்காக. பாய்லர்காரருக்கு அப்படி ஒரு கேக் வந்தது. அழுக்குத் துணி பிரிக்கும் அக்காவுக்கும் வந்தது. மறுநாள் அவர்கள் சட்டை மாட்டும் கொக்கியில் வேறு யாருடைய சட்டையோ தொங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாரும் தன் பிறந்தநாளைச் சத்தமாகச் சொல்வதில்லை.

வயதைக் காகிதத்தில் பார்த்துக்கொள்ள மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு வயது, வேலைக்குச் சேர ஒரு வயது என்று காகிதம் எதையும் சொல்லும் என்பது அவர் கட்சி. ஆளின் முகத்துக்கு நேரே நின்று கேட்பார். விரலை விரித்துக் காட்டினால் சிரித்துத் தலையாட்டிவிடுவார். வாயால், இந்தியில் சொல்ல வேண்டும். ஒருவர் சொல் தேடித் திணறும்போது அந்த முகத்தில் ஏதோ தெரிகிறது என்று நினைத்தாரோ என்னவோ, பொறுமையாகக் காத்து நிற்பார். ஒவ்வொரு மெஷினாக வந்துகொண்டிருந்தார்.

மடிப்பு அண்ணனின் மனைவி இந்தி பேசும் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறவர். குழந்தையோடு சேர்ந்து அவரும் பேசக் கற்றுக்கொண்டார். அவரே வாத்தியார் ஆனார். பீரோ கதவில் சாக்பீஸால் தமிழ் எழுத்தில் எழுதிப் போட்டார்.

"உங்களுக்கு நாப்பத்தெட்டு. அட்தாலீஸ். சொல்லுங்க."

"அட்தாலீஸ்."

"ஆயிரம் தடவை சொல்லுங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும்."

"தூக்கத்துல எவன் வந்து கேக்கப் போறான்?"

"இந்த ஆளு கேப்பாரு."

மச்சான் வாசலில் நின்று சிரித்தார். மனைவியின் அண்ணன். அதே கூடத்தில் துணி துவைக்கும் பெரிய டிரம்மைப் பார்த்துக்கொள்பவர், அடுத்த வாசலில் குடியிருப்பவர். வாரம் தவறாமல் தலைக்குச் சாயம் அடிப்பார். ஐம்பத்தொன்பது முடியப் போகிறது என்பது குடும்பத்துக்குள் மட்டும் புழங்கும் ரகசியம்.

"மாப்ளே, வயசச் சொல்றதுக்கு எதுக்குய்யா பாடம்? சொல்லாம இருக்கத்தான் படிக்கணும்."

அட்தாலீஸ் அண்ணனுக்கு நன்றாகவே படிந்தது. உருளைச் சத்தத்தோடு சேர்த்து முனகிக்கொண்டே மடிப்பார். ஆனால் மேனேஜர் அந்தப் பக்கம் வருவதற்குள் பிறந்தநாள் வந்துவிட்டது. அரும்பாடுபட்டுக் கற்ற எண் ஒரே ராத்திரியில் செல்லாமல் போயிற்று. மனைவி பழையதை அழித்துப் புதியதை எழுதினார். எழுபத்தொன்பது வரை ஒன்பதில் முடியும் எண்ணெல்லாம் அங்கே ஒரே குடும்பம், அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்று அர்த்தம், எல்லாம் 'உன்' என்றுதான் தொடங்கும் என்று விளக்கினார். விளங்கட்டும் என்று மூன்றையும் அடுத்தடுத்து எழுதினார். உன்தாலீஸ், முப்பத்தொன்பது. உன்சாஸ், நாற்பத்தொன்பது. உன்சட், ஐம்பத்தொன்பது.

நம் 'ச' ஓர் எழுத்து, இரண்டு வேலை பார்க்கும். சட்டையில் ஒரு மாதிரி, பச்சையில் ஒரு மாதிரி. உன்சாஸில் பச்சையின் ச, உன்சட்டில் சட்டையின் ச. கதவைப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மனைவி வாயால் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் கண்ணால் மனப்பாடம் செய்தார்.

மறுநாளே மேனேஜர் உருளைக்கு முன்னால் வந்து நின்று வணக்கம் வைத்தார். ஆவி முகத்தில் அடித்தது. "ஆப்கி உமர் கித்னி ஹை?" என்றார். உங்கள் வயது என்ன என்று.

அண்ணனுக்குக் கதவு கண்ணில் வந்தது. மூன்று வரி வந்தது. எந்த வரி என்பதுதான் வரவில்லை.

"உன்சட்" என்றார், தெளிவாக.

மேனேஜர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆவியில் வெந்த முகத்துக்கு எந்த வயதும் பொருந்தும். பிறந்தநாள் எப்போது என்று அடுத்த கேள்வி.

நேற்று. அந்தச் சொல்லும் தெரியும். "மேரா ஜனம்தின் கல்."

இந்தியில் 'கல்' என்றால் நேற்று. நாளையும் அதே கல்தான். எது என்பதைக் கடைசியில் வரும் 'ஹை', 'தா' என்ற வாலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழில் அந்த வாலே கிடையாது. நேற்று என் பிறந்தநாள் என்றால் முடிந்தது வாக்கியம். அண்ணன் தமிழ் வாக்கியத்தை இந்திச் சட்டை போட்டு அனுப்பிவிட்டார். மேனேஜர் காதில் விழுந்தது இதுதான்: வயது ஐம்பத்தொன்பது, நாளையோடு அறுபது.

மேனேஜர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"ஒரு தடவகூடத் திணறல" என்று வீட்டில் சொன்னார். "கையெல்லாம் குடுத்தாரு."

"கை குடுத்தாரா?" என்றார் மனைவி. சாப்பிடும்போது இரண்டு தடவை அவர் முகத்தைப் பார்த்தார்.

காலையில் அண்ணன் கூடத்துக்குள் நுழைந்தபோது அவர் கொக்கியில் ஒரு புதுச் சட்டை தொங்கியது. உருளைப் பக்கத்தில் ஓர் இளைஞன் விரிப்பைப் பிடித்து மடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். மேசைமேல் கேக் இருந்தது. எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். யாரும் அண்ணனைப் பார்க்கவில்லை. மச்சான்கூட டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"யாருக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

மேனேஜர் அவர் தோளில் கைவைத்து மேசைப் பக்கம் நடத்தினார். அண்ணன் வாய்க்குள் இந்தி தேடினார். அகப்பட்டதெல்லாம் அட்தாலீஸ். அதைச் சொன்னார். மேனேஜர் அன்பாகச் சிரித்தார். நேற்று ஐம்பத்தொன்பது சொன்னவர் கேக்கைக் கண்டதும் நாற்பத்தெட்டுக்கு இறங்குகிறார். இப்படி இறங்கியவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தீக்குச்சி உரசினார்.

வீட்டில் அதற்குள் குடியிருப்புக் காவலாளி வந்து, ஜன்னல் கண்ணாடிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு வேற ஆளு வர்றாங்கம்மா. சாமான எப்ப எடுப்பீங்க?"

மனைவி செருப்பைப் போடாமலே கூடத்துக்கு ஓடி வந்தார். மேனேஜர் முன்னால் நின்று, குழந்தையிடம் பேசும் இந்தியில், ஆனால் குழந்தையிடம் பேசாத குரலில், எல்லாவற்றையும் பிரித்துச் சொன்னார். நேற்றைக்கு முந்தைய நாள் பிறந்தநாள். அது 'தா'. 'ஹை' இல்லை. உன்சட் இல்லை, உன்சாஸ்.

மேனேஜர் கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நெடுநேரம் சிரித்தார். எரிந்த மெழுகுவர்த்தியை விரலால் நசுக்கி அணைத்தார். மனைவியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். மனைவியின் முகம் முதலில் தெளிந்தது, பிறகு சுருங்கியது.

"என்ன சொல்றாரு?"

"வேலை உங்களுக்குத்தானாம். வீடும்."

"அப்புறம் ஏன் இப்படி நிக்கிற?"

"இங்க எல்லாரும் வயசக் குறைச்சுச் சொல்றாங்களாம். நீங்க ஒருத்தர்தான் உங்களுக்கே கெடுதலா ஒரு வயசு சொன்னீங்களாம். பொய் சொல்லத் தெரியாத ஆளுங்கறாரு." டிரம் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இனிமே நீங்கதான் எல்லார்கிட்டயும் தமிழ்ல வயசு கேட்டு அவருக்கு இந்தியில சொல்லணுமாம். நீங்க சொன்னா அவர் நம்பிடுவாராம். பொய்னு தெரிஞ்சா, அவங்களோட நம்மளும் போகணுமாம்."

"அந்த அளவுக்கு இந்தி எனக்கு எங்க வருது?"

"சொன்னேன். நம்பர் மட்டும் போதும்னுட்டாரு."

புது இளைஞனைத் திருப்பி அனுப்பவில்லை. ஓர் இடம் காலியாகத்தான் போகிறது என்பதுபோல் அவனை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். கேக்கும் மேசையிலேயே இருந்தது. மேனேஜர் அண்ணனின் முழங்கையைப் பிடித்து நடந்து, பக்கத்திலேயே இருந்த டிரம்முக்கு முன்னால் நின்றார். வணக்கம் வைத்தார்.

மச்சான் தலையை வெளியே எடுத்தார். சாயம் நெற்றியில் வழிந்திருந்தது.

"மச்சான்" என்றார் அண்ணன். "வயசு கேக்குறாரு."

"அம்பத்திரெண்டுன்னு சொல்லு மாப்ளே." கையைத் துடைத்தபடி, வானிலை கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார்.

அண்ணன் திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவி தன் அண்ணனைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. தரையில் ஓடும் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் ஓர் எண்ணைச் சொல்லி அசைந்தது.

"பாவன்" என்றார் மடிப்பு அண்ணன். ஐம்பத்திரண்டு. உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

மேனேஜர் இருவரையும் அருகருகே நிற்க வைத்தார். நாற்பத்தொன்பதைப் பார்த்தார். ஐம்பத்திரண்டைப் பார்த்தார். நெற்றியில் வழிந்த கறுப்பை ஒரு விரலால் தொட்டு, முகர்ந்து, தன் கைக்குட்டையில் துடைத்தார். கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அண்ணனின் முழங்கையை மறுபடி பிடித்தார்.

அடுத்தது கிழிசல் தைக்கும் அம்மாவின் மேசை. தையல் மெஷினை நிறுத்தாமல், தலையையும் நிமிர்த்தாமல், மடிப்பு அண்ணனிடம் அவர் கேட்டார்:

"எனக்கு எத்தனை சொல்லப் போறீங்க?"