வழுக்கையில் விழுந்த பந்து

மைசூருக்குக் குடிவந்த புதிதில், மழை பெய்தால் என் பிக்கப் வண்டியின் பின்கண்ணாடி ஒழுகி முதுகை நனைத்துவிடும். இரண்டு இடங்களில் பசை பூசியும் நிற்கவில்லை. மூன்றாவதாகப் போனது ஒரு கண்ணாடி மெக்கானிக்கிடம். பருத்த உடம்பு, பளபளக்கும் வழுக்கை. ஒழுகும் இடத்தை அவர் கண்ணால் தேடமாட்டார். வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பருக்கு அடியில் வழுக்கையை நகர்த்திக்கொண்டே போவார்.

“வெளியிலேருந்து ஸ்வல்ப ஸ்வல்பமா ஊத்துங்க சார். கண்ணு ஏமாத்தும், தலை ஏமாத்தாது.”

பக்கெட்டைத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று உள்ளேயிருந்து, “பந்து! பந்து!” என்று கத்தினார். தெருவில் யாரோ அடித்த கிரிக்கெட் பந்தாக்கும் என்று சட்டென்று குனிந்தேன். பக்கெட் தண்ணீர் முழுவதும் என் தலையில் கொட்டியது. ‘வந்துவிட்டது’ என்பதைத்தான் மனிதர் கன்னடத்தில் சொல்லியிருக்கிறார்! சொட்டிய துளியை உச்சந்தலையில் ஏந்தியபடி, நனைந்து நின்ற என்னைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ரப்பரை மாற்றிவிட்டு மறுபடி உள்ளே உட்கார்ந்தார். மூன்று பக்கெட் ஊற்றினேன். சத்தமே இல்லை.

“பந்தா?” என்றேன், என் முதல் கன்னடத்தில்.

தலையைத் தடவிப் பார்த்தார். “வரல சார்.”

விருந்தாளி வராத வீட்டுக்காரர் போல அந்த முகம் வாடியது. அவருக்காகவாவது ஒரு சொட்டு வந்திருக்கலாம்.