கசக்கினால் கறுக்கும் பூ

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைப் பார்க்க மனைவியோடு போயிருந்தேன். அவள் முன்கட்டில் படமெடுக்க, நான் தனியாகக் கொல்லைக்குள் இறங்கினேன். காற்றில் கதவு அடித்துச் சாத்தி, உள்தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. சுற்றிலும் ஆளுயரச் சுவர். நாலு முறை கத்திவிட்டு, பதறாதவன்போல் செடிகளைப் பார்த்தேன். கிணற்றடி ஈரத்தில் சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளைப் பூ.

சிறுவயதில் அத்தை தலைக்கு எண்ணெய் காய்ச்ச இதைத்தான் தேடச் சொன்னாள். "பூவ நம்பாதடா. தண்டக் கசக்கு, கை கறுத்தாத்தான் கரிசலாங்கண்ணி." பக்கத்து வீட்டுக் கொல்லையில் நான் கசக்கிக்கொண்டிருக்க, நான் உள்ளே இருப்பது தெரியாமல் அந்த வீட்டுக் காவல்காரர் பூட்டிவிட்டுப் போய்விட்டார். பொழுது சாயும்போது அத்தைதான் திறந்தாள்.

"அழுதியாடா?"

"இல்லத்தே."

"கண்ணச் சுத்திக் கறுத்திருக்கே."

இப்போதும் கசக்கினேன். கை கறுத்தது, அதே செடிதான். கதவு திறந்தது.

"பயந்துட்டீகளா?" என்றாள் மனைவி.

"நானா? செடி பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப கண்ணுக்கு மை வச்சுவிட்டது ஆரு?"