அவன் கெடுத்த கையாலேயே அடித்தேன்

யட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள் நான். மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்த பிறகு என் வலது கை வீங்கிவிட்டது. வீக்கம் வடிய ஆஸ்பத்திரியில் லேசர் ஒளி பிடித்துப் பார்க்கலாம் என்றார்கள். பஜாரில் எண்ணெய் வைத்தியம் பார்க்கும் ஒருவன்தான் தடுத்தான்.

"லேசர் புடிச்சா கை கருகிரும் தங்கச்சி. நான் உருவி எறக்குறேன்."

நம்பினேன். சுடச்சுட எண்ணெய் ஊற்றி, தோல் உரிய உருவினான். மறுநாள் கை சிவந்து, காய்ச்சலில் நினைவு தப்பியது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து, அம்மன் புண்ணியத்தில் பிழைத்தேன். என் வீட்டுக்காரர் போய்க் கேட்டதற்கு, "அது ஒங்க சம்சாரத்தோட கர்மம்" என்று சிரித்தானாம்.

அவன் நாசமாகட்டும் என்று காளி கோயிலில் அவன் பேரைச் சொல்லித் தேங்காய் அடிக்க நேர்ந்தேன். ஆனால் கை தூக்க வரவில்லை.

"நான் அடிக்கிறேனே" என்றார் வீட்டுக்காரர்.

"வேணாங்க. அவன் கெடுத்த கையாலதான் அடிக்கணும்."

புண் ஆறியதும் லேசருக்குப் போனேன். சூடுகூடத் தெரியவில்லை. பயிற்சி தரும் சிங்கள மிஸ், "கை சரியானா என்ன செய்யணும் அக்கா?" என்று கேட்டார்.

"தேங்கா ஒடைக்கணும் மிஸ்."

"கறிக்கா?"

"இல்லீங்க, சாபத்துக்கு."

சிரித்துக்கொண்டே, வீக்கம் வடியக் கையில் சுற்றிய துணிக்கட்டை இறுக்கினார். "அப்ப இதக் கழட்டவே வேணாம்."

வீக்கம் பாதிக்கு மேல் வடிந்தது. ஆடி வெள்ளியன்று அடித்தேன், தேங்காய் சிதறியது.

இப்போது அந்தக் கையை யாரையும் உருவ விடுவதில்லை, ஆஸ்பத்திரியில் சொன்னபடி அதில் ஊசி போடவும் விடுவதில்லை. கை வீங்கிய சகோதரிகள் யாரைக் கண்டாலும் ஆஸ்பத்திரிக்கே அனுப்புகிறேன். வெள்ளிதோறும் ஒரு தேங்காய் அடிக்கிறேன். அவன் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. அதனால் என் நேர்த்தியும் இன்னும் முடியவில்லை.