குருவிநத்தத்து மூக்குத்தி

வில்லியனூர் கோயில் வீதியில் காசம்மாளைப் போல வியாபாரம் பண்ணத் தெரியாத பொம்பளையை நான் பார்த்ததில்லை. என் கடை வாசலில்தான் ஏழு வருஷமாகப் பூ விற்கிறாள். மிஞ்சின பூவை மறுநாள் தண்ணீர் தெளித்துக் கூடையில் மேலாகப் போட்டு விற்பது தொழிலில் சகஜம். இவள் என்னடாவென்றால், "அது நேத்து பூ சாமி, வாங்காத, வாசன இருக்காது" என்று வந்தவனைத் திருப்பி அனுப்புவாள். முழம் போட்டால் முழங்கையைத் தாண்டி நாலு விரல் நீளும்.

"யக்கா, நீ வியாபாரம் பண்றியா, தர்மம் பண்றியா?" என்று கேட்பேன்.

"பொய் சொன்னா எனக்குச் சோறு எறங்காது தம்பி" என்பாள்.

எனக்கு இறங்கும். நன்றாகவே இறங்கும். நான் செந்தில்நாதன். அப்பா வைத்திருந்த பாத்திரக் கடையை பித்தளை விளக்கு, மரப்பாச்சி, துப்பட்டா, சந்தன சோப்பு என்று டூரிஸ்ட் கடையாக மாற்றினவன். போன வாரம் வந்து இறங்கின விளக்கை 'இது ஜமீன் வீட்டுச் சரக்கு' என்று நாக்கு கூசாமல் சொல்வேன். புதுச்சேரியில் ஆறு மாசம் கற்ற பிரெஞ்சை, பத்து வருஷம் வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பேசி வழவழப்பாக்கி வைத்திருக்கிறேன். வாய்தான் எனக்கு முதல்.

சென்னைத் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கிற நாள் எனக்குத் தீபாவளி. கப்பல் ஆட்களைப் பஸ் பஸ்ஸாகப் புதுச்சேரிக்குக் கொண்டுவருவார்கள். கடற்கரை, சர்ச் எல்லாம் பெரிய ஏஜென்சிகளுக்கு. 'கிராமம் பார்க்க வேண்டும்' என்கிற பதினாலு, பதினைந்து பேர் மட்டும் வேனில் என்னிடம் வருவார்கள். சட்டையில் நம்பர் ஸ்டிக்கர், கையில் தண்ணீர் பாட்டில். நான் அவர்களுக்குக் காட்டுகிற கிராமம், ஒதியம்பட்டில் காசம்மாளின் வீடு. விடிகாலையில் போட்ட கோலத்தை அழித்துவிட்டு, பதினோரு மணிக்கு இவர்கள் கண் முன்னால் இன்னொரு கோலம் போடுவாள். பூ கட்டிக் காட்டுவாள். பக்கத்து வீட்டுப் பசுமாட்டுடன் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கிராமத்துக்கு இருபது நிமிஷம், என் கடைக்கு ஒரு மணி நேரம். இதுதான் என் ஏற்பாடு.

போன பிப்ரவரியில் வந்த வேனில் ஒரு மதாம் இருந்தாள். எழுபது வயசு தாண்டியிருக்கும். பூப்போட்ட தொப்பி, வெள்ளை கவுன். நிறம் மட்டும் நம் ஊர் நிறம். பெயர் வேலாயுதோன் என்றாள். ஊர் குவாதலூப், கரீபியன் கடலில் பிரெஞ்சு பேசுகிற ஒரு தீவு. உங்கள் பெயர் எங்கள் முருகனுடைய பெயர், வேலாயுதம் என்று சொன்னேன். அப்படியா என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெயரோடு எழுபது வருஷம் இருந்தவளுக்கு அது சாமி பெயர் என்று தெரியாது.

வேனில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தாள். அவளும் என் தொழில்காரிதான். அவர்கள் தீவுக்கும் கப்பல் வருமாம். ஒரே நாளில் மூவாயிரம், நாலாயிரம் பேர் இறங்குவார்களாம். முப்பது வருஷம் துறைமுக வாசலில் துணிக்கடை போட்டிருந்தாளாம்.

"எல்லாரிடமும், இது என் பாட்டி கையால் தைத்தது என்று சொல்லித்தான் விற்பேன். எல்லாம் சீனாவிலிருந்து வந்த துணி" என்று சிரித்தாள். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீயும் இவர்களிடம் அப்படித்தான் சொல்வாய், எனக்குத் தெரியும். என்னிடம் சொல்ல மாட்டாய். நீ என் ஊர்க்காரன்."

நானும் சிரித்தேன்.

அப்புறம் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏற்றினார்களே, அந்தப் பதிவேட்டின் நகல். அவளுடைய பாட்டிக்குப் பாட்டி. பெயர் பிரெஞ்சு எழுத்தில் 'கஸ்ஸமால்', வயசு பத்தொன்பது. ஊர் 'கூரூவினத்தாம்'. பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்ததை அவன் எழுத்தில் எழுதியிருக்கிறான். அடுத்தவர்களுக்குப் புரியாது. நம் பக்கத்து ஆள் வாய்விட்டுப் படித்தால் உடனே தெரிந்துவிடும். காசம்மாள். குருவிநத்தம்.

"இந்த ஊர் எங்கே இருக்கிறது? இதைப் பார்க்கத்தான் இந்தக் கப்பலில் வந்தேன். இன்னொரு தடவை வர எனக்கு உடம்பு இல்லை" என்றாள்.

டிரைவர் இருசப்பனுக்கு பிரெஞ்சு தெரியாது. ஆனால் நான் வாய்விட்டுப் படித்த அந்த ஊர்ப் பெயர் அவன் காதில் விழுந்துவிட்டது. "குருவிநத்தமா? எங்க பக்கம்பா அது. பாகூர் ஏரியத் தாண்டிப் போனா முக்கா மணி நேரம்" என்றான்.

போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஒன்றரை மணிக்கு பஸ் சென்னைக்குத் திரும்ப வேண்டும். கப்பல் யாருக்காகவும் நிற்காது. குருவிநத்தம் போனால் என் கடைக்கு நேரம் இல்லை. அந்த வருஷம் வந்ததே இரண்டு கப்பல்தான். இதையெல்லாம் யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"மதாம், உங்களுக்கு அதிர்ஷ்டம். குருவிநத்தம் என்பது ஒதியம்பட்டின் பழைய பெயர். நாம் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறோம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழகின வாய் நிற்குமா? "எங்கள் வழக்கத்தில் முன்னோர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்போம். நாம் போகிற வீட்டு அம்மாவின் பெயர் காசம்மாள்" என்றேன்.

அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இருசப்பன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு கியரை மாற்றினான்.

நான் காசம்மாளுக்குப் போன் போட்டேன்.

"யக்கா, ஒரு அம்மா வராங்க. குருவிநத்தம்னு அவங்க பாட்டி ஊரத் தேடிக்கினு வராங்க, அது இந்த ஊருதான்னு சொல்லியிருக்கேன். உங்க குடும்பத்துல ஒருத்தி அந்தக் காலத்துல கப்பலேறிப் போனதா உங்க ஆயா சொல்லும்னு சொல்லிடு. அது பேருதான் உனக்கு வெச்சிருக்குன்னு சொல்லு."

"இன்னா தம்பி பேசுற? எங்க வூட்ல யாரு கப்பலேறினது?"

"சும்மாக்கா. வயசானவங்க, சந்தோசப்பட்டுட்டுப் போவட்டும்."

"வேணாம் தம்பி. என்னால ஆவாது."

அப்போது நான் சொன்னேன். "ஏழு வருசமா என் கட வாசல்ல குந்திக்கினு இருக்கியே, இதுவரிக்கும் உன்ன நான் இன்னாவாச்சும் கேட்டிருக்கேனா?"

"சரி வா" என்று வைத்துவிட்டாள்.

ஒதியம்பட்டில் இறங்கினதும் மதாம் நேராக வாசல் வேப்ப மரத்தடிக்குப் போனாள். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து, "வெப்பெலெ" என்றாள். அவர்கள் குடும்பத்தில் மிஞ்சின ஒரே வார்த்தை அதுதானாம். அம்மை போட்டால் பாட்டி அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இலையால் தடவுவாளாம்.

காசம்மாள் கோல மாவுக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததைத் தலையைக் குனிந்துகொண்டு ஒப்பித்தாள். நான் பிரெஞ்சில் சொன்னேன். இரண்டு மடங்கு சேர்த்துத்தான் சொன்னேன். மதாம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விசும்பினாள். காசம்மாளும் அழுதாள். நடிப்பு இல்லை. அவள் தங்கை செல்வகுமாரி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்ப் பதினோரு வருஷம். ஒரு போன் கிடையாது, ஒரு கடுதாசி கிடையாது. அவள் யாரை நினைத்து அழுதாள் என்று எனக்குத் தெரியும். மதாமுக்குத் தெரியாது. மற்ற டூரிஸ்ட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள்.

கிளம்பும்போது மதாம் ஒரு சோப்பு டப்பாவில் வாசல் மண்ணை அள்ளிக்கொண்டாள். பிறகு கழுத்துச் சங்கிலியிலிருந்து எதையோ கழற்றிக் காசம்மாள் உள்ளங்கையில் வைத்தாள். சிவப்புக் கல் வைத்த மூக்குத்தி. தேய்ந்து கடுகு மாதிரி இருந்தது. கப்பலேறின காசம்மாள் போட்டிருந்ததாம். "வந்த வீட்டுக்கே திரும்பிப் போகட்டும்" என்றாள்.

காசம்மாள் உள்ளங்கையை மூடாமல் நீட்டியபடியே நின்றாள். "தம்பி, இத்த எப்டி..." என்று என்னைப் பார்த்தாள். நான் மணியைப் பார்த்தேன். "அப்றம் பேசிக்கலாம்க்கா" என்று எல்லாரையும் வேனில் ஏற்றினேன்.

கடையில் வியாபாரம் அமோகம். கண்ணீர் துடைத்த கை தாராளமாக வாங்கும். ஒரு கணேசர் விக்கிரகத்தை நான் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. காசம்மாள் இறங்கினாள். கையில் கோல மாவு அப்படியே இருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே மதாம் முன்னால் போய் நின்று, மூக்குத்தியை நீட்டினாள்.

"தம்பி, நான் சொல்றத அப்டியே சொல்லு. ஒரு வார்த்த வுடாத" என்றாள். "நான் உங்களுக்கு ஒறமொற இல்ல தாயி. எங்க வூட்ல யாரும் கப்பலேறல. குருவிநத்தம் இது இல்ல, அது பாகூர் பக்கம் இருக்குது. இந்தத் தம்பி சொல்லச் சொல்லுச்சி, நானும் சொல்லிட்டேன். தப்பு எம்மேலயும் இருக்குது. இது எனக்கு வேணாம். பெத்த தாய ஏமாத்தின மாதிரி இருக்குது. எடுத்துக்கினு என்ன மன்னிச்சிடு."

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மதாம் என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கடையில் இரண்டு பாஷையும் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருசப்பன் மிதித்திருந்தால் குருவிநத்தத்தை எட்டிப் பார்த்துவிட்டு, சென்னை பஸ்ஸை வழியில் பிடித்திருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"மதாம், அவள் ஏழை. இவ்வளவு பெரிய பொருளுக்குத் தான் தகுதி இல்லை என்கிறாள். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள்" என்று என் வாய் சொல்லிற்று.

மதாமின் முகம் கனிந்துவிட்டது. காசம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூக்குத்தியை மூடினாள். மாவு ஒட்டின அந்தக் கையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். "உன்னைவிடத் தகுதி யாருக்கு இருக்கிறது? நீ என் ரத்தம்" என்றாள்.

"இன்னா சொல்றாங்க தம்பி?"

ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் வேண்டியிருந்தது. "பரவால்லியாம். உன்ன மன்னிச்சிட்டாங்களாம். நீயே வெச்சிக்கச் சொல்றாங்க" என்றேன்.

"நெசமாவா? எல்லாத்தையும் சொன்னியா? நீ சொல்லச் சொன்னதயும் சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

காசம்மாள் கடைத் தரையில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மதாம் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணிக்கு பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறிக் குருவிநத்தம் போனேன். யாரையாவது விசாரித்து, அந்தக் குடும்பம் இருந்தால் மதாமுக்கு எழுதலாம் என்றுதான் போனேன். ஸ்டாப்பில் இறங்கினேன். எதிரே டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள். என்னவென்று கேட்பது? யார் அனுப்பினது என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மதாமின் விலாசம் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. இன்னும் எழுதவில்லை.

காசம்மாள் இப்போதும் என் கடை வாசலில்தான் இருக்கிறாள். மூக்குத்தியை ரொம்ப நாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். சித்திரையில் ஆசாரியிடம் கொடுத்துத் திருகு மாற்றிப் போட்டுக்கொண்டாள். கேட்கிறவர்களிடமெல்லாம், "நெசம் தெரிஞ்சும் எனக்கே குடுத்துட்டுப் போனா பாரு, மவராசி" என்பாள்.

அது போகட்டும். என்னைப் பற்றி அவள் பேசுவதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தினம் காலையில் கூடையைப் பிரித்ததும் முதல் முழத்தை என் கடைச் சாமி படத்துக்குப் போடுகிறாள். காசு கொடுத்தால் வாங்குவதில்லை. "அத்தினி பேரு முன்னாடி, உன் தப்ப உன் வாயாலயே சொன்னியே தம்பி. அது எவனால முடியும்? அதுக்குத்தான் இந்தப் பூ" என்கிறாள்.

நேற்று ஒரு புதுப் பொண்ணு மாப்பிள்ளை விளக்கு வாங்கத் தயங்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். காசம்மாள் அந்தப் பெண்ணின் தலையில் பூ வைத்துக்கொண்டே சொன்னாள்: "நம்பி உள்ள போ கண்ணு. இந்தக் கடத் தம்பி பொய் சொல்ல மாட்டாரு."

அவர்கள் உள்ளே வந்தார்கள். இது எவ்வளவு பழசு என்று ஒரு விளக்கைக் காட்டிக் கேட்டார்கள். வாசலில் காசம்மாள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள், மூக்கில் அந்தச் சிவப்புக் கல்லோடு. நான் தலையைக் குனிந்துகொண்டு, போன வாரம் வந்ததுங்க என்றேன்.